ரன் பட்டியலில் முதலிடம், ஃபைனலில் 101 ஆல் அவுட்: ஒரு டீமின் பலத்தை எப்படிக் கணக்கிடுவது?

டிஎன்பிஎல் சீசன் வந்துவிட்டால் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றும். அதிக ரன் எடுத்தவர்கள், அதிக விக்கெட் எடுத்தவர்கள் பட்டியல். நம்ம ஊர் டீம் ஆள் அதில் மேலே இருந்தால் போதும், "இந்த வாட்டி கப் நமக்குத்தான்" என்று ஆரம்பித்துவிடுவோம். உண்மையில் அந்தப் பட்டியல் ஒரு டீமின் பலத்தைச் சொல்கிறதா? நெல்லை ராயல் கிங்ஸின் 2023 சீசனை வைத்துப் பார்ப்போம்.

2023-ல் என்ன நடந்தது?

அந்த சீசனில் அதிக ரன் எடுத்தவர் நெல்லையின் அஜிதேஷ் குருசாமி. மொத்தம் 385 ரன். கோவைக்கு எதிராக அடித்த 112-ம் இதில் அடக்கம். தொடர் நாயகன் விருதும் அவருக்குத்தான்.

ஜூலை 12 அன்று இறுதிப்போட்டி. எதிரணி லைகா கோவை கிங்ஸ். மைதானமோ நெல்லையின் சொந்த மண்: தச்சநல்லூர் தாண்டி மதுரை ரோட்டில் போனால் வரும் சங்கர் நகர், இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். கோவை 205 ரன் குவித்தது. நெல்லை 101-க்கு ஆல் அவுட். 104 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

லீக்கின் நம்பர் ஒன் பேட்டர் நம்ம டீமில்தான் இருந்தார். கப் மட்டும் கோவைக்குப் போய்விட்டது.

385 பெரிதா, 371 பெரிதா?

பட்டியலை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கோவையின் சாய் சுதர்சன் எடுத்தது 371 ரன், அஜிதேஷைவிட 14 குறைவு. ஆனால் அதை அவர் எடுத்தது வெறும் 6 ஆட்டங்களில். நெல்லை அணியோ பிளே-ஆஃப் சுற்றையும் சேர்த்து 10 ஆட்டங்கள் ஆடியது. ஆட்டத்துக்கு இத்தனை ரன் என்று கணக்குப் போட்டால் சாய் சுதர்சன் சுமார் 62, அஜிதேஷ் 38.5. மொத்த ரன்னில் முதலிடம் ஒருவருக்கு, சராசரியில் இன்னொருவருக்கு.

அதைவிட முக்கியம், அந்த இறுதிப்போட்டியில் சாய் சுதர்சன் ஆடவே இல்லை. எமர்ஜிங் ஆசிய கோப்பைக்காக இந்தியா 'ஏ' அணியோடு இலங்கை போய்விட்டார். அவர் இல்லாமலேயே கோவையில் சுரேஷ் குமார், முகிலேஷ், அதீக் உர் ரஹ்மான் என மூன்று பேர் அரைசதம் அடித்தார்கள். சீசனில் அதிக விக்கெட் எடுத்தவரும் கோவை கேப்டன் ஷாருக் கான்தான், 17 விக்கெட். முதல் ஆள் இல்லாதபோது அடுத்த ஆள் என்ன செய்கிறார் என்பதில்தான் டீமின் பலம் தெரியும்.

பட்டியலில் வராத 39 ரன்

இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் திண்டுக்கல்லுக்கு எதிராக நெல்லைக்குக் கடைசி 2 ஓவரில் 37 ரன் தேவை. 19-வது ஓவரில் மட்டும் 33 ரன் வந்தது. அஜிதேஷ் 73 ரன்னோடு ஒரு முனையில் நிற்க, ரித்திக் ஈஸ்வரன் 11 பந்தில் 39 விளாசினார். நெல்லையை ஃபைனலுக்குக் கூட்டிப்போன இன்னிங்ஸ் அது. ஆனால் சீசன் ரன் பட்டியலில் அது வெறும் 39 ரன்தான். கடைசி நேரத்தில் இறங்குகிறவர் 60 பந்து ஆடி ரன் சேர்க்க முடியாதே!

பேஸ்கட்பாலில் எப்படி?

அங்கே களத்தில் ஐந்தே பேர் என்பதால் ஒருவரின் பங்கு இன்னும் பெரிது. அங்கேகூட பட்டியல் முழுக் கதையைச் சொல்வதில்லை. 2015 ஜனவரியில் என்பிஏ-வின் அட்லாண்டா ஹாக்ஸ் ஆடிய 17 ஆட்டத்தையும் வென்றது. அந்த மாதம் கிழக்குப் பிரிவின் சிறந்த வீரர் விருதை யாருக்குக் கொடுப்பது? தொடக்க ஐவருக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். அந்த சீசனில் 60 வெற்றி பெற்ற டீமின் அதிகபட்ச ஸ்கோரர் பால் மில்சாப், ஆட்டத்துக்குச் சராசரியாக 17 புள்ளிகூட எடுக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. அதே ஹாக்ஸ், கிழக்குப் பிரிவு இறுதியில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்திடம் 0-4 எனத் தோற்றது. ஆக, ஸ்டார் வேண்டாம் என்பதல்ல பாடம். ஸ்டாரும் வேண்டும், அவரைச் சுற்றி ஆட்களும் வேண்டும்.

இது ஏன் முக்கியம்?

2023-ல்தான் டிஎன்பிஎல்லில் முதல்முறையாக ஏலம் வந்தது. சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு கோவை எடுத்தது. ஏலம் என்று வந்தபிறகு பட்டியலில் உங்கள் பெயர் எத்தனையாவது என்பது வெறும் பெருமை இல்லை, வருமானமும் கூட. மாவட்ட அளவில் ஆறாவது, ஏழாவது இடத்தில் இறங்கும் ஒரு பையன், அல்லது ரன்னே விடாமல் கட்டிப்போட்டும் விக்கெட் கிடைக்காத ஒரு ஸ்பின்னர், இந்த வரிசையில் எப்போதும் கீழேதான் இருப்பார். மொத்த ரன்னையும் மொத்த விக்கெட்டையும் மட்டும் தூக்கிப்பிடித்தால் அவர்களுக்கு நஷ்டம்.

அதனால் லீக்கும் செய்தித் தளங்களும் பட்டியல் போடும்போது எத்தனை இன்னிங்ஸ், எத்தனையாவது இடத்தில் இறங்கினார், எந்த ஓவர்களில் ஆடினார் அல்லது பந்து வீசினார் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். கையில் ஸ்கோர்கார்டு இருக்கும்போது இது பெரிய வேலையே இல்லை.

அடுத்த முறை குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் வந்தால் ஃபார்வர்டு பண்ணும் முன் மூன்று விஷயம் பாருங்கள். இத்தனை ரன் எத்தனை இன்னிங்ஸில் வந்தது? அதே டீமின் அடுத்த ஐந்து பேர் எங்கே இருக்கிறார்கள்? பந்துவீச்சுப் பட்டியலில் அந்த டீம் ஆள் யாராவது உண்டா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், அப்புறம் தாராளமாகக் கப் கனவு காணலாம்.