குழந்தை கையில் எந்தப் புஸ்தகம்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே தாய் தகப்பனிடம் பாடம் படிக்கின்றார்கள். 1993-ம் வருஷத்துக்குள் அந்நாட்டின் 50 மாகாணங்களிலும் இது சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. இப்படிப் படிப்பிக்கின்றவர்களில் கிறிஸ்தவ மதப்பற்றுள்ள குடும்பங்கள் ஏராளம். ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்க எந்தப் புஸ்தகத்தை வாங்குவது என்பது அக்குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வியாகும்.

"அமெரிக்கக்காரன் வீட்டுப் பாடப் புஸ்தகத்தைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு குழந்தையின் அறிவு எந்தத் தேசத்தில் கட்டிப் போடப்பட்டாலும் அது மனித சமூகத்துக்கே நஷ்டம் என்பதுதான் நமது பதில்.

முதலில் சங்கதியைத் தெரிந்து கொள்ளுவோம். 1925-ல் டென்னசி மாகாணத்தில், மனிதன் கீழ்த்தர ஜீவனிலிருந்து வந்தவன் என்று சர்க்கார் பள்ளியில் சொல்லிக் கொடுப்பது குற்றம் என்று சட்டம் செய்தார்கள். அவ்வருஷமே ஸ்கோப்ஸ் என்ற உபாத்தியாயருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். பின்னர் மேல் கோர்ட்டு அதைத் தள்ளியது. ஆனாலும் சட்டம் 1967 வரை இருந்தது. 1968-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இத்தகைய தடைச் சட்டம் செல்லாது என்றது. 1987-ல், பரிணாமத்தைச் சொல்லிக் கொடுத்தால் சிருஷ்டிக் கொள்கையையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டுமென்ற லூசியானா சட்டத்தையும் தள்ளியது. ஆனால் இத்தீர்ப்புகள் எல்லாம் சர்க்கார் பள்ளிக்கூடத்தின் வாசற்படியோடு நின்றுவிட்டன. வீட்டுக்குள் தாயும் தகப்பனுமே ஜட்ஜுகள்.

அவ்வீடுகளுக்கென்றே அச்சாகும் புஸ்தகங்களில் ஒன்று "சயன்ஸ் இன் தி பிகினிங்" என்பது. சிறு பிள்ளைகளுக்கான அப்புஸ்தகம், ஆதியாகமத்தின் ஆறு நாள் சிருஷ்டியை வரிசையாக வைத்துக் கொண்டு பாடம் நடத்துகின்றது. அதில் கையால் செய்து பார்க்கும் சோதனைகள் நிறைய உண்டு. அது நல்லதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆதியாகமத்தின் கணக்குப்படி வெளிச்சம் முதல் நாள், செடி கொடி மூன்றாம் நாள், சூரியனோ நான்காம் நாள்! சூரிய வெளிச்சத்தில்தான் செடி வளர்கின்றது என்பதை ஜன்னலோரத் தொட்டியில் கண்ணால் கண்ட குழந்தை, "சூரியனுக்கு முன்னே செடி எப்படி வந்தது?" என்று கேட்டால் தாய் என்ன சொல்லுவாள்? "எழுதியிருக்கின்றது, நம்பு" என்று சொன்னால், அந்த நிமிஷமே விஞ்ஞான பாடம் முடிந்து மதபாடம் ஆரம்பமாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு உதாரணம். 1650-ல் அஷர் என்ற பாதிரியார், பைபிள் வம்ச வரிசையைக் கூட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004-ல் உண்டாயிற்று என்று கணக்குச் சொன்னார். உலகத்துக்கு வயது ஏறக்குறைய 6,000 வருஷம்தான் என்று இன்றும் சில கிறிஸ்தவப் பாடப் புஸ்தகங்கள் சொல்லுகின்றன. ஒரு மரத்தை அறுத்து, வளையம் ஒன்றுக்கு வருஷம் ஒன்றாக எண்ண ஆறு வயதுக் குழந்தையாலும் முடியும். ஜெர்மனியில் மண்ணுக்குள் கிடைத்த பழைய மரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி 12,000 வருஷங்களுக்கு மேல் எண்ணிவிட்டார்கள். பூமிக்கோ சுமார் 450 கோடி வருஷம் என்பதை, யுரேனியம் மெதுமெதுவாக ஈயமாக மாறும் கணக்கு காட்டுகின்றது. வளையத்தை எண்ணச் சொல்லிவிட்டு, "ஆறாயிரத்தோடு நிறுத்திக் கொள்" என்று சொல்லுவது படிப்பாகுமா?

நிற்க, கிறிஸ்தவர்களெல்லாம் இப்படித்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. மனிதனின் மரபணு முழுவதையும் படித்தறியும் அமெரிக்க வேலைக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் காலின்ஸ் பக்தியுள்ள கிறிஸ்தவர். அவர் பரிணாமத்தை ஒப்புக்கொண்டு, மதமும் அதுவும் ஒத்துப் போகும் என்று சொல்ல 2007-ல் பயோலோகாஸ் என்ற ஸ்தாபனத்தையே ஏற்படுத்தினார். 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகத்துக்கும் மேற்பட்டதென்று ஒப்புக்கொண்டார். அவர்களுடைய கடவுளை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. என்றாலும், பிள்ளையை விஞ்ஞானத்துக்கு விரோதியாக்காமலே கிறிஸ்தவர் கிறிஸ்தவராக வாழலாம் என்பதற்கு அவர்களே சாக்ஷி.

ஆகவே, புஸ்தகம் தேடும் தாய் தகப்பன்மாருக்கு நாம் சொல்லுவது இதுதான். அட்டையைப் பார்க்காதீர்கள். உள்ளே திறந்து இரண்டு கேள்வி கேளுங்கள். "இது எப்படித் தெரிந்தது?" என்று பிள்ளை கேட்டால் அப்புஸ்தகம் வழி காட்டுகின்றதா? சோதனையின் முடிவு புஸ்தகத்துக்கு மாறாக வந்தால், புஸ்தகத்தைத் திருத்தச் சொல்லுகின்றதா, பிள்ளையின் கண்ணைத் திருத்தச் சொல்லுகின்றதா? இவ்விரண்டுக்கும் சரியான பதில் இல்லாத புஸ்தகம், யார் அச்சடித்ததானாலும் விஞ்ஞானப் புஸ்தகமாகாது.

நம் நாட்டாரும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக முடியாது. 2023-ல் வந்த என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புஸ்தகத்தில் பரிணாமப் பகுதியைக் காணோம். பாடச் சுமையைக் குறைத்தார்களாம்! அங்கே பொய்யைச் சேர்க்கிறார்கள். இங்கே மெய்யை எடுத்துவிட்டார்கள். இரண்டிலும் மோசம் போவது குழந்தையே.

தோழர்களே! உங்கள் பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போது வாயை அடக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால், "வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். எந்தப் புஸ்தகமும் கொடுக்க முடியாத விஞ்ஞானம் அதுவேயாகும்.