உவரேறும் ஊற்றுகள்

கடலுக்கு அணித்தே இருந்தும் தோண்டிய குழியில் நன்னீர் ஊறுவது, கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மணற்கரைக்கு இயற்கை வழங்கிய கொடை. கிழக்கே கடல், மேற்கே உவர்நீர் நிற்கும் பக்கிங்காம் கால்வாய். இடைப்பட்ட மணல் உண்ட மழைநீரே மாமல்லபுரத்திற்கும் அதன் சுற்றூர்களுக்கும் வழிவழியாக ஊற்றாயிற்று. அக்கொடைக்கே இன்று இடர் சூழ்ந்துள்ளது.

நன்னீர், தன்னினும் எடை மிக்க உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்திற்குமேல் அது 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை உவர் அணுகாது. கைபென், எர்சுபர்க்கு என்னும் ஐரோப்பியர் இருவர் தனித்தனியே கண்டுரைத்த கணக்கு இது. மேலே 1 அடி இறைத்துத் தாழ்த்தினால், நாளடைவில் கீழே 40 அடி உவர் ஏறும். நீர் போதவில்லையென்று மேலும் ஆழத் துளைப்பவன், கடலைத் தன் கிணற்றுக்குத் தானே அழைக்கின்றான்.

குடிநீரில் கரைந்த உப்புகள் இலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். வேறு நீரே இல்லாவிடத்து 2000 வரை ஒப்பலாம் என்பது இந்தியத் தர அளவு. கடல்நீரிலோ ஏறத்தாழ 35,000. நூறு குடம் நன்னீரில் ஏழு குடம் கடல்நீர் கலந்தாலே அவ்வெல்லையும் கடந்துபோம்.

வயலுக்கு வருங்கேடு இன்னும் கொடிது. கெட்ட நிலத்தை உவர் என்றும் களர் என்றும் இருவேறு சொல்லால் பிரித்துரைப்பது தமிழ். உப்பு மிகுந்த நீர் பாய்ந்தால் நிலம் உவராகும்; நன்மழையும் வடிகாலும் வாய்ப்பின் அவ்வுப்புக் கழுவுண்டு நீங்கும். நீரில் சுண்ணத்தினும் சோடியம் மிகுந்திருப்பின், அது களிமண்ணிலுள்ள சுண்ணத்தைத் தள்ளி அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும். மண் இறுகி, நீரும் காற்றும் புகாத களராகும். களரை வெறும் நீரால் கழுவித் திருத்தலாகாது.

நெம்மேலியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகள் உளவே என்று அமைதி கூறுவார் உளர். 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி இலிட்டர் அளவிலும், 2024-இல் 15 கோடி இலிட்டர் அளவிலும் இயங்கத் தொடங்கிய அவ்வாலைகள் சென்னையின் நீர்வேட்கை தணிக்க எழுந்தவை. மின்னாற்றலைக் கொட்டிப் பிழிந்தெடுக்கும் அந்நீரால் நெல் விளைக்க ஒல்லுமோ?

ஏரி மாவட்டமெனப் பெயர்பெற்றது பழைய செங்கழுநீர்ப்பட்டு. அதன் உத்திரமேரூரில், ஏரி காக்கவே குடவோலையால் ஏரி வாரியம் அமைத்த முறையைப் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு இன்றும் காட்டுகின்றது. இற்றை நிலையோ வேறு. தமிழகம் முழுமைக்குமென 2003-இல் இயற்றப்பட்ட நிலத்தடிநீர்ச் சட்டம் 2013-இல் நீக்கப்பட்டது.

எனவே, மழையுண்ணும் மணல்மேடுகள் கட்டடங்களால் மூடப்படாதிருத்தல் வேண்டும். ஏரிகள் தூர்நீங்கி நிறைதல் வேண்டும். விடுதிகளும் தண்ணீர் வணிகரும் இறைக்கும் நீருக்கு அளவு வகுத்தல் வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் ஊர்க்கிணறுகளை ஆராய்ந்து, உப்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று உழவர்க்கு விளங்கும் தமிழில் ஊராட்சி மன்றத்து வாயிலில் எழுதி வைத்தல் வேண்டும். இவற்றை ஊரார் ஒன்றுகூடிக் கேட்டுப் பெறாவிடின், தம் மண்ணிலேயே குடிநீரை விலைக்கு வாங்கி, வயலைக் களருக்கு விட்டு நிற்பர்.