ஹேண்ட் வார்மருக்கும் மூச்சு முட்டும்

பனிச்சறுக்குக்காக முதல் தடவை குல்மார்க் கிளம்புகிறவர்கள் ஜாக்கெட் வாங்க நாலு கடை ஏறி இறங்குவார்கள். கண்ணாடிக்கு ஒரு வாரம் யோசிப்பார்கள். ஹேண்ட் வார்மர் மட்டும் கடைசி நாளில், எது மலிவோ அது. அப்புறம் மேலே போய் விரல் மரத்து, பூட்ஸ் கொக்கியைக் கூட மாட்ட முடியாமல் நிற்கும்போது "சுத்த டுபாக்கூர் சாமான்" என்று திட்டு விழும்.

பாதி நேரம் தப்பு சாமான் மேல் இல்லை. அதற்குக் காற்று கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

ஒரு தடவை மட்டும் பயன்படும் அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கொஞ்சம் ஈரம், கரித்தூள். உறையைப் பிரித்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு இரும்பு துருப்பிடிக்கிறது. வீட்டு கேட் வருஷக்கணக்கில் செய்கிற வேலையை இது சில மணி நேரத்தில் முடிக்கிறது; அந்த வேகத்தில்தான் சூடு. ஆக்சிஜன் குறைந்தால் சூடும் குறையும்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். அங்கிருந்து கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வரை ஏற்றிவிடுகிறது. அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். மனிதனுக்கே மூச்சு வாங்குகிற இடத்தில், இறுக்கமான, காற்றுப் புகாத கையுறைக்குள் பொட்டலத்தைத் திணித்தால் அது என்ன செய்யும், பாவம்! உறையில் "10 மணி நேரம்" என்று போட்டிருப்பது பனிமலையில், கையுறைக்குள் வைத்துப் பார்த்த கணக்கல்ல.

அதனால் முதலில் வாங்க வேண்டியது மிட்டன், அதாவது நாலு விரலும் ஒரே பையில் போகிற கையுறை. அதுவும் ஒரு அளவு தளர்வாக. விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும், பொட்டலத்துக்கும் கொஞ்சம் காற்று மிஞ்சும். கீழே அறையிலேயே பிரித்து, குலுக்கி, பதினைந்து இருபது நிமிடம் வெளிக்காற்றில் வைத்து, நன்றாகச் சூடேறிய பிறகு உள்ளே வைக்க வேண்டும். கை விறைத்த பிறகு பிரிப்பது, பசி மயக்கம் வந்த பிறகு உலை வைப்பது போல.

வாங்கும்போது காலாவதி தேதியைப் பார்ப்பது அவசியம். உறையை அமுக்கியும் பார்க்கலாம். உள்ளே தூள் உதிரியாக நகர்ந்தால் சரி. கட்டியாக இருந்தால் காற்று முன்பே புகுந்து கதையை முடித்திருக்கும். ஆன்லைனில் அமுக்கிப் பார்க்க வழியில்லை. எனவே ஊரிலேயே ஒன்றைப் பிரித்துச் சோதித்துவிட்டு மீதியை எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

பேட்டரி வார்மர்? காற்று தேவையில்லை, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யலாம், எல்லாம் சரி. ஆனால் லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது; கடும் குளிரில் சார்ஜ் சீக்கிரம் தீரும். ஜாக்கெட்டின் உள்பையில் வைத்து, கோண்டோலா வரிசையில் கையைச் சூடாக்கிக்கொள்ள உதவும். அதை மட்டுமே நம்பி அபர்வத் ஏறுவது சரியில்லை. (விமானத்தில் கைப்பையில் வைக்கவும்.) தகட்டைச் சொடுக்கினால் உறைந்து சூடாகும் ஜெல் பைகள் பார்க்க வேடிக்கைதான், ஆனால் சின்ன பைகளின் சூடு ஒரு மணி நேரம் தாண்டுவதே கஷ்டம். திரும்பப் பயன்படுத்த வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும். மலை உச்சியில் அடுப்புக்கு எங்கே போவது?

நெருப்புக் கங்குகள் போட்ட காங்ரியைப் ஃபெரனுக்குள் வைத்துக்கொண்டு நடக்கிற காஷ்மீரிகளுக்குச் சூட்டின் மறுபக்கமும் தெரியும். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் சூடு பட்டு வரும் தோல் புற்றுநோய்க்கு மருத்துவத்தில் காங்ரி பெயரே இருக்கிறது. ஒரு வாரம் சறுக்கப் போகிறவருக்கு அந்தப் பயம் வேண்டாம், ஆனால் தீக்காயம் நிஜம். மரத்துப்போன விரலுக்குச் சுடுவது தெரியாது. மெல்லிய உள்ளுறைக்கு மேல், புறங்கைப் பக்கம் வைப்பதே நல்லது. விரல் வெளுத்து உணர்ச்சியே இல்லை என்றால் வார்மரை அதன் மேல் வைத்து அழுத்தக் கூடாது, தேய்க்கவும் கூடாது. கீழே இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மதியமே சறுக்கி முடித்துவிட்டால் பாதி தீர்ந்த பொட்டலத்தைத் தூக்கிப் போட வேண்டாம். காற்றுப் புகாத ஜிப் கவரில், காற்றை நன்றாகப் பிதுக்கி வெளியேற்றி மூடினால் துருப்பிடிப்பது அடங்கிவிடும். மறுநாள் திறந்தால் மிச்சச் சூடு கிடைக்கும், கோண்டோலா வரிசைக்காவது ஆகும்.