விதை ஊன்றுவோம்

இராயபுரத்திலிருந்து 1856-ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில்வண்டி புறப்பட்டது. பின்னர்த் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகள் எழுந்தன. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் திறக்கப்பட்டது. உழைப்போர் வாழும் இடத்தில் மலரும் இருத்தல் வேண்டாவா?

‘உப்புக்காற்றும் புகையும் உள்ள இடத்தில் பூஞ்செடி எங்கே வளரும்?’ என்பர் சிலர். வளரும், ஆயின், அதனை விதையிலிருந்து வளர்ப்பதே சிறப்பு.

கிளையை வெட்டி நட்டால் செடி விரைவில் பூக்கும்; உண்மையே. எனினும், அது தாய்ச்செடியின் இயல்பையே கொண்டிருக்கும். விதையிற் பிறந்த கன்றுகளோ ஒன்றுபோல் மற்றொன்று இரா. அவற்றுள் சில வாடும். சில இக்காற்றிலும் நிமிர்ந்து நிற்கும். அவ்வாறு நின்றவற்றின் விதைகளையே தொடர்ந்து விதைத்து வந்தால், நம் தெருவுக்கு ஏற்ற செடிகளைத் தேர்ந்துகொள்ளலாம் அன்றோ?

மயிற்கொன்றையைக் காண்போம். சுமார் 10 அடி வளரும் குறுஞ்செடி அது. அதன் விதைத்தோல் கடினமானது. ஆதலின், விதையின் ஓரத்தைச் சொரசொரப்பான கல்லில் சிறிது தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்தல் வேண்டும். பின்னர், மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுக. நீர் தேங்கலாகாது, விதையை வாயிலிடவும் ஆகாது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் செம்மையும் மஞ்சளும் கலந்த பூங்கொத்துகள் தோன்றும்.

மாணவர்களே! விலைக்கு வாங்கிய ஒரே செடி பட்டுப்போனால் முயற்சியும் அதனோடு முடிந்துவிடும். கைப்பிடி விதை உடையவனுக்கோ மறுமுயற்சி எளிது. இவ்வாண்டு உங்கள் வாயிலில் விதை ஊன்றுங்கள். அடுத்த ஆண்டு அதன் விதைகளை அண்டை வீட்டார்க்கு அளியுங்கள்.