காலி வண்டிக்கு எஃப்.சி.யா?

வடசென்னைப் பாலங்களில் லோடு லாரிக்குப் பின்னால் மாட்டிக் கொண்டவர்களுக்கு அந்தக் கருகல் நாற்றம் தெரியும். என்ஜின் அலறும், வண்டி ஏறாது. கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். டிரைவர் பிரேக்கை மிதிக்கக் கொஞ்சம் பிந்தினால் லாரி பின்னால் உருளும். பின்னால் நிற்பதோ ஸ்கூட்டரும் ஆட்டோவும்!

டிரைவர் முதலாளியிடம் சொல்லாமலா இருக்கிறார்? "இந்த டிரிப்பை முடிச்சிட்டு வாப்பா, பார்த்துக்கலாம்" என்பதுதான் பதில். பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கணும்; வாடகை போச்சே என்ற கவலை. வழுக்கவிட்டே ஓட்டினால் ஃபிளைவீலும் சூடேறிக் கெடும், அந்தச் செலவு யார் தலையில்? பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் டிரைவர்களும் இதில் பங்காளிகள்தான்.

8 வயது தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. ஆனால் அங்கே போய் நிற்பது காலி வண்டி! லோடு இல்லாதபோது இந்த நோய் லேசில் வெளியே தெரியாது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டாப் கியரில் கிளட்சை மெதுவாக விட்டுப் பார்க்கட்டும். கிளட்ச் நன்றாக இருந்தால் என்ஜின் அணைந்துவிடும். அணையாமல் ஓடினால் ஸ்லிப்! இதற்கு மிஷினும் வேண்டாம், பணமும் வேண்டாம். எஃப்.சி. பார்க்கும் இடத்தில் நாளைக்கே ஆரம்பிக்கலாமே?