ஆடி போகட்டும், அப்புறம் அனுப்புங்கள்!

வீட்டிலிருந்தபடியே புடவை, மணிமாலை, கொலு பொம்மை என்று ஆன்லைன் சந்தையில் கடை போட்டிருக்கும் சகோதரிகள் இப்போது தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். விற்கவில்லையே என்ற கவலை ஒரு புறம் இருக்கட்டும். விற்ற பிறகு வரும் ஒரு விசித்திரத் தலைவலியைப் பற்றி இந்த வாரம் உங்களோடு பேசலாமென்று உத்தேசம்.

பணம் வந்துவிட்டது. புடவையை மடித்துப் பெட்டியில் வைத்து ஒட்டப் போகிறீர்கள். அந்தச் சமயம் பார்த்து வருகிறது ஒரு செய்தி: "மாமி, ஆடி போகட்டும். ஆவணி பிறந்ததும் அனுப்பினால் போதும்!" இன்னொருத்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறாள். வேறொருத்தி மாமியாருக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறாள்; அவர் மூத்த பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் பார்சல் வாசலுக்கு வரலாம். (சிரிக்காதீர்கள், நம் வீடுகளில் நடக்காததா?)

தெருக்கோடி ஜவுளிக் கடையானால் ஒரு சீட்டில் பெயரை எழுதி அலமாரியில் வைத்துவிடுவார்கள், தீர்ந்தது. ஈபே, எட்ஸி, அமேசான் போன்ற சந்தைகளிலோ உங்களுக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ஆடியும் தெரியாது, மாமியாரையும் தெரியாது. "இத்தனை நாளில் அனுப்புவேன்" என்று நீங்கள் கொடுத்த வாக்கு ஒன்றுதான் தெரியும். அமேசானில் தாங்களே பார்சல் அனுப்பும் வியாபாரிகளின் தாமதம் நூற்றுக்கு 4-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாதம் 20 புடவை விற்கிறவளுக்கு ஒரே ஒரு தாமதம் நூற்றுக்கு 5 ஆகிவிடுகிறதே! பெரிய வியாபாரி தட்டிவிட்டுப் போய்விடுவான். அடி விழுவதெல்லாம் நம்மைப் போன்ற சின்னக் கடைக்குத்தான்.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். "அனுப்பியாயிற்று" என்று கணக்கில் குறித்துவிட்டு, பார்சலைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவது! வேண்டவே வேண்டாம். தபால்காரர்கள் பார்சலை வாங்கி முத்திரைக் குறியைப் படித்த நேரம் வரை ஈபே பார்க்கிறது. அது போகட்டும். வாங்கியவள் சொன்னதை மறந்துவிட்டால்? அல்லது வீட்டுக்காரர் கார்டுக் கணக்கைப் பார்த்து, "பணம் போயிருக்கிறது, பொருளைக் காணோமே" என்று புகார் எழுதிவிட்டால்? உங்கள் கையில் ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. புடவை உங்களிடம் இருக்கும், பெயர் கெட்டுப் போயிருக்கும்.

பின் என்னதான் செய்வது? நீங்கள் வாக்குக் கொடுத்த கெடுவுக்குள் இரண்டு மூன்று நாள் பொறுக்கச் சொன்னால் தாராளமாகப் பொறுங்கள். எட்ஸியில் அனுப்பும் தேதியை அந்த ஆர்டரிலேயே மாற்றிக்கொள்ளவும் வசதி உண்டு. கெடுவைத் தாண்டி வாரக்கணக்கில் போவதானால், ரத்து செய்துவிட்டு மறுபடி வாங்கச் சொல்வதே மேல் என்பேன். கைக்கு வந்த பணத்தைத் திருப்ப மனசு வராதுதான். ஆனால் வாங்குகிறவரே கேட்டு ரத்தானால் ஈபேயில் உங்கள் பெயரில் கரும்புள்ளி விழாது. இப்படி எழுதிப் பாருங்களேன்:

"தங்களுக்காகப் புடவையை எடுத்து வைக்கத் தடையில்லை. ஆனால் குறித்த தேதிக்குள் அனுப்பாவிட்டால் என் கணக்கில் தாமதம் என்று ஏறிவிடும். ஆகையால் ரத்து செய்யும்படி இங்கேயே கேட்டுவிடுங்கள், பணம் திரும்பிவிடும். ஆவணி முதல் வாரத்தில் மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

இதைச் சந்தையின் செய்திப் பெட்டியிலேயே எழுத வேண்டும். டெலிபோனில் பேசியது காற்றோடு போச்சு!

அமெரிக்காவிலிருக்கும் பெண்கள் வாங்கினால் இன்னும் சுலபம். அங்கே தபால் இலாகாவே, வீட்டில் ஆளில்லாதபோது 3 முதல் 30 நாள் வரை தபாலைக் காசு வாங்காமல் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அதை ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் உடனே அனுப்பிவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். "பத்து நாள் கழித்து, என் தங்கை வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள்" என்று ஒருவர் கேட்டால், முடியாது என்று சொல்லுங்கள். ஆர்டரில் உள்ள விலாசத்துக்கு அனுப்பினால்தான் ஈபேயும் பேபாலும் விற்றவருக்குப் பாதுகாப்புத் தரும். கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். மோசக்காரனும் இதே வார்த்தைகளில்தான் கேட்பான். புது விலாசமென்றால் புது ஆர்டர்.

வாங்குகிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. தாமதம் வேண்டுமானால் பணம் கட்டுமுன் கேளுங்கள், அம்மா. பொருள் வரவில்லை என்று ஈபேயில் முறையிட, வரவேண்டிய தேதியிலிருந்து 30 நாள்தான் தவணை. இரண்டு மாதம் கழித்து அனுப்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால், முறையிடும் உரிமை உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

உண்மையாகவே பார்சலை எடுத்து வைக்க நேர்ந்தால், மேலே பெயரையும் அனுப்ப வேண்டிய தேதியையும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பாச்சை உருண்டை ஜரிகைமேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.