உருபைத் தேடும் கண்கள்

ஏழாம் வகுப்பில் படிக்கும் அண்ணன் மகள் தன் தமிழ்த் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஓர் உரைநடைப் பத்தியைக் கொடுத்துக் கேள்விகள் கேட்டிருந்தார்கள். ஆளில்லாத வீடு பசித்த வாயைப் போலத் திறந்து கிடந்தது என்று அதில் ஒரு வரி. பயின்று வந்துள்ள அணி யாது என்பது கேள்வி. 'யாராவது உள்ளே வரமாட்டார்களா என்று அந்த வீடு ஏங்குகிறது' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்துச் சுழியம் போட்டிருந்தார்கள்.

"இனிமே தப்பா எழுத மாட்டேன் சித்தப்பா. 'போல'ன்னு வந்தா உவமை அணி" என்றாள்.

"மழை வரும்போல இருக்கு. இது?"

"உவமை அணி."

அணிகளின் பெயர்களைக் கற்பிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உவமைக்கென்று தனி இயலே வகுத்த மரபு நம்முடையது. பொருளதிகாரத்தின் 9 இயல்களில் உவமவியலும் ஒன்று. ஆனால் தொல்காப்பியர் அங்கே உருபுகளை மட்டும் அடுக்கிவிட்டு நின்றுவிடவில்லை. ஒப்புமை செயலில் உள்ளதா, பயனிலா, வடிவிலா, நிறத்திலா என்று பகுத்துப் பார்க்கிறார். அவை வாசகன் கேட்க வேண்டிய கேள்விகள். திறந்த கதவும் திறந்த வாயும் வடிவால் ஒக்கும். இரைக்குக் காத்திருப்பதும் ஆளுக்குக் காத்திருப்பதும் செயலால் ஒக்கும். இந்த இரண்டாவது ஒப்புமையைத்தான் அந்தச் சிறுமி பெயர் தெரியாமலேயே தொட்டிருந்தாள்.

பின்னால் வந்த தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக வகுத்தது. கவிதை முதலில், பெயர் பிறகு என்ற வரிசையில்தான் இவையெல்லாம் பிறந்திருக்க முடியும். நம் வகுப்பறையில் வரிசை தலைகீழாகிவிட்டது. மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம். சொல்லின் இடம் மாறியதைப் பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள். முன்னதில் முகம் முகமாகவே இருக்க நிலவு துணைக்கு வருகிறது, பின்னதில் முகமே நிலவாகிவிடுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

மேல்வகுப்பிலும் இதே கதைதான். மதுரை மதில்மேல் காற்றில் அசைந்த கொடிகள் கோவலனை வராதே என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோ சொல்வது தற்குறிப்பேற்ற அணி. இலக்கணத்தை ஒப்பித்தால் மதிப்பெண் உண்டு. கோவலனுக்குத் தெரியாத அவன் முடிவு நமக்குத் தெரியும். அந்த அச்சத்தைக் கவிஞர் ஏன் கொடிகளின் மீது ஏற்றினார் என்பதுதான் கவிதை. அதற்கு மதிப்பெண் இல்லை.

ஆசிரியர்களின் சங்கடம் புரியாமலில்லை. ஐம்பது தாள்களைத் திருத்துகிறவருக்குப் பெயர் எளிது. சரி அல்லது தவறு, வழக்கில்லை. விளக்கம் அப்படியன்று. ஆனாலும் பெயருக்கு ஒரு மதிப்பெண் தந்துவிட்டு, 'இந்த உவமையை எடுத்துவிட்டால் இவ்வரியில் எது குறைகிறது?' என்ற கேள்விக்கு இரண்டு தரலாம். காரணத்தோடு எழுதப்பட்ட எந்த விடையையும் ஏற்கலாம். உருபைத் தேடும் கண்கள் அப்போது வரியையும் படிக்கும்.

அந்தத் தாளிலேயே நல்ல விடை நீ அடிவாங்கிய விடைதான் என்று அவளிடம் சொன்னேன். அடுத்த தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் போடுவார்களா என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.